பாட்டுக்குச் சீட்டு ஒட்டிய கமிட்டி

இந்தக் கதையை எனக்கு முதன்முதலில் சொன்னது எங்கள் பெண்கள் சங்கத்து வயலட் அக்கா. போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், கோயில் விரிப்புகளைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தோம், அப்போது சொன்னாள். வயலட் அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் பொய் பேசவே மாட்டாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

செம்மணல் மேடுகளாகக் கிடக்கிற தேரிக்காட்டுக்கு அந்தப் பக்கம் விவேகபுரம் என்று ஒரு ஊர். அந்தப் பேரை வைத்த மிஷனரி துரை, ஜனங்கள் குடியேறுவதற்கு முன்னாலேயே பேரை வைத்துவிட்டுக் கப்பலேறிவிட்டாராம். அதனால் அவர்மேல் குற்றமில்லை.

அந்த ஊர்க் கோயிலில் ஒரு பாட்டுக் கமிட்டி இருந்தது. மூன்று பேர். தலைவர் ஞானசிகாமணி. யோசிக்கும்போது கண்ணாடியைக் கழற்றிவிடுவார். யோசித்து முடித்ததும் அதை எங்கே வைத்தோம் என்று தெரியாது, அதனால் அவர் யோசித்த எதையும் திரும்பப் பார்த்ததில்லை. செயலாளர் கோயில்பிச்சை, தையல்கடைக்காரர். மூன்றாமவன் யோவேல், டிராக்டர் ஓட்டுகிறவன், இளகின மனசுக்காரன். இந்த மூன்று பேருக்கும் பாட வராது. பாட வருகிறவர்கள் பாடப் போய்விடுகிறார்கள், கமிட்டிக்கு வேறு யார் கிடைப்பார்கள், நீங்களே சொல்லுங்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை கோயில் பண்டிகைக்கு ஊரே வரிசையாக உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவதை எங்கள் பக்கத்தில் அசனம் என்போம். விவேகபுரத்து அசனத்துக்கு ஒரு முறைமை உண்டு. ஐயர் ஜெபம் பண்ணியதும் அண்டாவின் மூடியைத் திறந்துவிட மாட்டார்கள். உபதேசியார் அருமைநாயகம், தாமே கட்டிய அசனப் பாட்டை நின்று பாடி முடிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் மூடி திறக்கும், சோறு வரும். ஐயர் என்றால் பாதிரியார். அவர் ஐந்து ஊர்க் கோயிலைப் பார்க்கிறவர். அவர் இல்லாத நாளில் இந்த ஊர்க் கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர் உபதேசியார்.

ஒரு வருஷம் பண்டிகை முடிந்து கொஞ்ச நாளில் அருமைநாயகம் கர்த்தரிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். அடுத்த பண்டிகை வந்தது. அப்போதுதான் ஊரார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் பாட்டு யாருக்குத் தெரியும்? அத்தனை வருஷமும் அத்தனை பேரும் கேட்ட பாட்டுத்தான். ஆனால் பாடும் நேரமெல்லாம் எல்லோருடைய கண்ணும் காதும் அண்டாமேல் இருந்திருக்கின்றன. ஒரு வரி ஒருத்தருக்கும் தெரியவில்லை.

தெரிந்திருக்க வேண்டியவள் செல்லக்கனி, அருமைநாயகத்தின் மனைவி. அவளோ அத்தனை வருஷமும் அடுப்படியில் வெங்காயத்தோடு இருந்தவள். புகை, சத்தம், பாத்திரம். அவள் காதில் விழுந்ததெல்லாம் துண்டு துண்டு. அந்த அண்டா அவள் வீட்டு அண்டா. பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது கோயில் முற்றத்தில் வந்து நின்று கமிட்டிக்குச் சொல்லிவிட்டாள்.

"அவரு பாட்டு இல்லாம மூடியைத் திறந்தீகன்னா, அதோட என் அண்டாவை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருவேன். அடுத்த வருஷம் எல்லாரும் அவரவர் தொப்பியில சோறு பொங்கிக்கிடுங்க."

"கோபப்படாதீங்கக்கா," என்றார் ஞானசிகாமணி. "பாட்டு கம்ப்யூட்டருக்குள்ள பத்திரமா இருக்கு."

"அதுதான்யா நான் கேக்கேன். அவரு குரல் என் வீட்டுல ஒரு மூலையிலயும் இல்ல. அந்தப் பெட்டிக்குள்ள மட்டும்தான் இருக்கு. ஒருதடவையாவது உக்காந்து முழுசாக் கேக்கணும்."

அவள் கேட்டது அவ்வளவுதான்.

கம்ப்யூட்டரின் கதையும் சொல்ல வேண்டும். பம்பாயில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் கோயிலுக்கு அதை அனுப்பியிருந்தார். பாடகர் குழு பல வருஷமாகக் கேசட்டில் பிடித்து வைத்திருந்த பாட்டையெல்லாம் டவுனில் ஒரு கடையில் கொடுத்து அதற்குள் ஏற்றினார்கள். கடைக்காரன் பாட்டுக்குப் பேர் வைக்கவில்லை. ட்ராக் ஒன்று, ட்ராக் இரண்டு என்று ஜெயிலில் ஆளை எண்ணுவதுபோல் நம்பர் போட்டுக் கொடுத்துவிட்டான். அதற்குள்ளே நூற்றுக்கணக்கான பாட்டு. அதில் எது அசனப் பாட்டு என்று யாருக்கும் தெரியாது.

ஐயர் அன்றைக்கு வேறு ஊருக்குப் போக பைக்கில் ஏறி உட்கார்ந்திருந்தார். கமிட்டி மறித்துக்கொண்டது.

"ஒவ்வொரு பாட்டுக்கும் பேர் எழுதி ஒட்டிருங்கய்யா," என்றார் ஐயர். "ஒழுங்குபடுத்தி வச்சிட்டா வேணுங்கிற நேரத்துல கிடைக்கும்." சொல்லிவிட்டுப் போயேவிட்டார். விவேகபுரத்தில் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று அவருக்கு அப்போது தெரியாது, புதிதாக வந்தவர்.

கோயில்பிச்சை தாள், கத்திரி, ஒரு கிண்ணம் கஞ்சிப் பசை எல்லாவற்றோடும் வந்தார். மவுஸை யோவேலிடம் கொடுத்தார்கள். அதில் சக்கரம் இருந்ததால் அது டிராக்டர்காரன் வேலை என்று தீர்மானமாயிற்று.

யோவேல் எதையோ அமுக்கினான். கர்த்தருடைய கிருபையைப் பாருங்கள், முதல் பாட்டே அருமைநாயகம்! ஸ்பீக்கரில் கணீரென்று அவர் குரல், அதுவும் 'அசனம், அசனம்' என்று. முற்றத்தில் அண்டாவுக்குப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த செல்லக்கனி, கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்தாள். அவள் வாசற்படி ஏறுவதற்குள் பாட்டு நின்றுவிட்டது.

"ஏன்ல நிப்பாட்டுன?"

"கண்டுபிடிச்சாச்சேக்கா," என்றான் யோவேல். "இனிமே எதுக்குக் கேக்கணும்?"

"முழுசா ஒருதடவை போடுல!"

"பசை ஈரமா இருக்குக்கா," என்றார் கோயில்பிச்சை. "காயட்டும். ஐயர் ஒட்டச் சொல்லித்தான் சொன்னாரு, கேக்கச் சொல்லலை."

'அசனப் பாட்டு' என்று அழகாக எழுதி, கம்ப்யூட்டர் கண்ணாடியில் அந்தப் பாட்டின் நம்பர் தெரிந்த இடத்தின்மேல் ஒட்டிவிட்டார். அடுத்ததைப் போட்டார்கள், கிறிஸ்துமஸ் பாட்டு. அதற்கொரு சீட்டு. அடுத்தது அடக்க ஆராதனைப் பாட்டு. அதற்கொரு சீட்டு. இப்படியே கண்ணாடி முழுக்கச் சீட்டு. பார்க்கக் கல்யாண வீட்டு மொய்ப்பந்தல் மாதிரி நிறைவாக இருந்தது.

"மிச்சப் பாட்டெல்லாம் எங்க?" என்றார் தலைவர்.

"கீழ இருக்கு," என்று யோவேல் சக்கரத்தைத் திருப்பினான். சீட்டுகளின் சந்து வழியே பார்த்துவிட்டு அலறினான். "அண்ணாச்சி! பாட்டெல்லாம் ஓடுது!"

"எங்கல ஓடுது?"

"மேல! சீட்டை விட்டுட்டு ஓடுது!"

ஞானசிகாமணி கண்ணாடியைக் கழற்றினார். "சீட்டு அசைஞ்சுதா?"

"இல்ல."

"ஒட்டுன இடத்துலயே நிக்கா?"

"நிக்கு."

"அப்ப நம்ம வேலையில குத்தம் இல்ல. குத்தம் பாட்டு மேலதான்."

கோயில்பிச்சைக்கு மனம் ஆறவில்லை. "ஒருவேளை பசை பத்தலையோ? கண்ணாடி வரைக்கும்தான் பிடிச்சிருக்கு, பாட்டு வரைக்கும் இறங்கலை."

இன்னொரு கை பசை அப்பினார்கள். பிறகு அசனப் பாட்டு என்ற சீட்டுக்கு அடியில் இருந்ததை அமுக்கினார்கள். ஞாயிறு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு பாடினார்கள். மேலே ஓடின பாட்டு எங்கே இறங்கியிருக்கும் என்று யோவேல் கம்ப்யூட்டருக்குப் பின்னால் போய்ப் பார்த்தான். ஒரு பல்லி இருந்தது.

"கையில இருந்த பாட்டைத் தொலைச்சிட்டீங்களே, பாவிகளா," என்றாள் செல்லக்கனி. அண்டாவைத் தேய்க்கப் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் ஐயருக்குப் போன் போட்டார்கள். சீட்டு விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. லைன் போய்விட்டதென்று கோயில்பிச்சை போனை உதறினார்.

"கண்ணாடி மேல இல்லய்யா," என்று ஒரு வழியாகச் சொன்னார் ஐயர். "பாட்டோட பேரையே கம்ப்யூட்டர்ல மாத்தணும்." எந்தப் பொத்தானை அமுக்குவது, எப்படி டைப் அடிப்பது என்றெல்லாம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

"என்ன பேர் வைக்கணும்யா?"

"பாட்டைப் போட்டு, அதுல வர்ற முதல் வார்த்தையை வையுங்க. சுலபம்."

சுலபந்தான். ஒரு ஊரில் தவிர.

பாடகர் குழுவுக்கு ஒரு வழக்கம். பாட்டுப் பதிகிற ஒவ்வொரு தடவையும் ஒருத்தர் மைக் பக்கத்தில் போய், "ஹலோ... ஹலோ... மைக் டெஸ்ட்... மைக் டெஸ்ட்" என்று சொல்லிவிட்டு வருவார். அதற்குப் பிறகுதான் பாட்டு. யோவேல் ஒரு பாட்டைப் போடுவான். 'ஹலோ' என்று கேட்டதும் நிறுத்துவான். கோயில்பிச்சை 'ஹலோ' என்று டைப் அடிப்பார். அடுத்தது. ஹலோ. அடுத்தது. ஹலோ. ஒரே பேரை எத்தனை பேருக்கு வைப்பது என்று கம்ப்யூட்டரே சலித்துப்போய்ப் பக்கத்தில் நம்பர் போட ஆரம்பித்தது.

"பாத்தியா," என்றார் தலைவர். "வேலையில நம்ம சிரத்தையைப் பாத்துட்டு அதுவும் ஒத்தாசைக்கு வருது."

செல்லக்கனி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "ஆக, நேத்து எல்லாம் ட்ராக்குன்னு இருந்தது. இன்னைக்கு எல்லாம் ஹலோன்னு இருக்கு. அப்படித்தானே?"

"நேத்து இங்கிலீஷ்ல இருந்ததுக்கா," என்றார் கோயில்பிச்சை.

"ஹலோ மட்டும் என்ன தமிழா?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "நம்ம ஊர்ல எல்லாரும் போன்ல அதைத்தானே சொல்லுதோம்? தமிழாளுக சொன்னா தமிழ்தான்."

"ஏய்யா, நான் படிக்காதவ. ஒண்ணு கேக்கேன். ஒவ்வொரு பாட்டையும் முழுசாக் கேட்டுக்கிட்டே வந்தா அவரு பாட்டு ஒரு இடத்துல வந்துருமே?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். கெட்ட சிரிப்பில்லை; சின்னப் பிள்ளை நிலாவைக் கேட்டால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு.

"அக்கா, பாட்டுக் கேக்கணும்னா ரேடியோ போதுமே. இது கம்ப்யூட்டர். ஒழுங்குபடுத்துறதுக்கு வந்தது," என்றார் ஞானசிகாமணி.

மறுநாள் ஐயருக்கு மறுபடியும் போன். பாவம், அவர் அங்கே ஒரு ஞானஸ்நானத்துக்கு நடுவில் இருந்தார். "பாடினவங்க வாரியாப் பிரிச்சுப் போல்டர்ல போடுங்க. போல்டர்னா பை மாதிரி. இவரு பாட்டு இந்தப் பை, அவரு பாட்டு அந்தப் பை," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அருமைநாயகம் பாட்டெல்லாம் ஒரு பையில் வந்துவிட்டால் அசனப் பாட்டு கிடைத்துவிடும் என்று செல்லக்கனி முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. வந்தவுடனே போய்விட்டது.

"எல்லாரையும் கலந்தா போடுறது?" என்றார் தலைவர். "கோயில்ல நாம எப்படி உக்காருதோம்? ஆம்பளையாளுக ஒரு பக்கம், பொம்பளையாளுக ஒரு பக்கம். கோயில் பாட்டும் அப்படித்தான் உக்காரணும்."

ஆண்கள் பை ஒன்று, பெண்கள் பை ஒன்று உண்டாயிற்று. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் கோயிலில் முன்னால் பாயில் உட்காருகிறவர்கள், ஆகவே அவர்களுக்கு 'பாய்' என்று ஒரு பை. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து பாடின ஒரு பாட்டு வரும்வரைக்கும்.

"யார் இது?" என்றார் தலைவர்.

"நம்ம தேவாசீரும் பொன்மலரும்," என்றார் கோயில்பிச்சை. "புருஷன் பெண்டாட்டி. ஒண்ணாப் போட்டா என்ன?"

"பாடும்போது கல்யாணம் ஆயிருந்துதா?"

யோசித்தார்கள். "ஆகலை. அதுக்கடுத்த வருஷம்தான் ஆச்சு."

"அப்ப ஒண்ணாப் போடக்கூடாது. பாட்டுல இன்னும் கல்யாணம் ஆகலை."

"ஆனா இப்ப ஆயிருச்சே அண்ணாச்சி," என்றான் யோவேல்.

"இப்பத்தான் ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்லையே," என்றார் கோயில்பிச்சை.

இந்த நியாயத்துக்கு மேல் நியாயம் இல்லை. பிரித்துத்தான் வைக்க வேண்டும். எப்படிப் பிரிப்பது என்று தேடும்போது, கம்ப்யூட்டரின் ஒரு மூலையில் சின்னதாகக் கத்திரிக்கோல் படம் ஒன்று கோயில்பிச்சை கண்ணில் பட்டது. பாட்டை வெட்டவும் ஒட்டவும் டவுன் கடைக்காரன் போட்டுக் கொடுத்திருந்த சாமான் அது. தையல்காரர் கண்ணுக்குக் கத்திரிக்கோல் தெரியாமல் இருக்குமா? ஆண்டவர் அன்றைக்கு அந்த மூலையை மறைத்திருக்கலாம். அவருடைய சித்தம் நமக்கு விளங்குவதில்லை.

தேவாசீர் பாடிய வரிகளை வெட்டி ஆண்கள் பையில் போட்டார்கள். பொன்மலர் பாடிய வரிகளைப் பெண்கள் பையில் போட்டார்கள். தேவாசீர் கேள்வி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார், பதில் வரவில்லை. பொன்மலர் பதில் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள், கேட்டவர் யாரும் இல்லை. "வீட்டுலயும் இப்படித்தான்," என்றாள் செல்லக்கனி.

சோகப் பாட்டு, சந்தோஷப் பாட்டு என்று பிரித்தால் தேட வசதியாக இருக்கும் என்று அதற்கப்புறம் ஒரு யோசனை வந்தது. அதற்கு யோவேலைப் பரிசோதனைக்கு உட்கார வைத்தார்கள். அவன் அழுதால் சோகம், அழாவிட்டால் சந்தோஷம். கிறிஸ்துமஸ் பாட்டுக்கு அழுதான். அறுப்பின் பண்டிகைப் பாட்டுக்கு அழுதான். 'ஹலோ, மைக் டெஸ்ட்' என்பதற்கே ஒருமுறை அழுதான்.

"அதுல என்னல சோகம்?"

"அந்தக் குரல் எங்க சின்னையா குரல் மாதிரி இருக்கு அண்ணாச்சி."

"உங்க சின்னையா நல்லாத்தானே இருக்காரு?"

"இருக்காரு. கடனுக்கு வாங்கின கலப்பையைத் திருப்பித் தரமாட்டேங்காரு."

எல்லாம் சோகப் பையில் போய் விழுந்தது.

பண்டிகைக்கு முந்தின நாளும் வந்துவிட்டது. முற்றத்தில் பந்தல் போட்டாயிற்று, கத்திரிக்காய் வந்து இறங்கிவிட்டது, பாட்டு மட்டும் வரவில்லை. செல்லக்கனி கமிட்டிக்காரர்களிடம் பேசுவதையே விட்டுவிட்டாள். வந்து வாசலில் நிற்பாள், கம்ப்யூட்டரைப் பார்ப்பாள், போய்விடுவாள். அதைப் பார்க்க யோவேலுக்கு மறுபடியும் அழுகை வந்தது. கடைசியாக ஒருமுறை ஐயரைக் கூப்பிட்டார்கள்.

"ஐயா, பாட்டு ரொம்ப நெரிசலா இருக்கு. தேட முடியலை."

ஐயர் பஸ்ஸில் இருந்தார். "கேசட் ஏத்தும்போது ஒரே பாட்டை ரெண்டு தடவை ஏத்தியிருப்பாங்க. ரெண்டு தடவை இருக்கிறதைப் பாத்து அழிச்சிருங்க. நெரிசல் குறையும்." பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கியது, போன் கட்டாயிற்று.

முதல்முறையாக மூவரும் ஒரு பாட்டை முழுசாகக் கேட்க உட்கார்ந்தார்கள். இரண்டு தடவை வருவது எது என்று கண்டுபிடிக்க வேண்டுமே. கீர்த்தனை பாடுகிறவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு அடியையும் இரண்டு தடவை பாடுவோம். முதல் அடி வந்தது. திரும்பவும் வந்தது.

"ரெண்டு தடவை இருக்கு!" என்று கோயில்பிச்சை துள்ளி எழுந்தார். "நெரிசல் ஏன் வந்துச்சுன்னு இப்ப தெரியுதா? பாட்டுக்குள்ளயே அடைச்சு வச்சிருக்கான்!"

கத்திரிக்கோலை எடுத்தார். யோவேல் கையைப் பிடித்தான். "ரெண்டுல எதை அண்ணாச்சி வெட்டுறது?"

"பின்னால வர்றதைத்தான். முன்னால வர்றது அசல், பின்னால வர்றது நகல்."

"அப்படிச் சொல்லிர முடியுமா?" என்று தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏசா முன்னால பிறந்தான், யாக்கோபு பின்னால பிறந்தான். மூத்தவனுக்குள்ள சேஷ்டபுத்திரபாகம் யாருக்குப் போச்சு? பின்னால வந்தவனுக்குத்தானே?"

வேதத்தில் உள்ள சங்கதி. மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

"நாம ஒண்ணை வச்சுக்கிட்டு ஒண்ணை வெட்டி, வெட்டினது அசலா இருந்துட்டா அந்தப் பாவம் யாருக்கு?" என்றார் தலைவர். "பட்சபாதம் வேண்டாம். ஐயர் என்ன சொன்னாரு? ரெண்டு தடவை இருக்கிறதை அழின்னாரு. ரெண்டையும் அழி."

அழித்தார்கள். அடி அடியாக, பாட்டு பாட்டாக. பல்லவி போயிற்று, சரணம் போயிற்று. 'ஹலோ'வும் 'மைக் டெஸ்ட்'டும் இரண்டு தடவை வந்ததால் அவையும் போயின. தேவாசீரின் கேள்வியும் பொன்மலரின் பதிலும் போயின. கையில் கத்திரி பிடித்த கோயில்பிச்சை தீபாவளிக்கு முந்தின நாள் தையல்காரர்போல் நிமிரவே இல்லை. சாயங்காலத்துக்குள் கம்ப்யூட்டர் கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல் சுத்தமாகிவிட்டது. ஒன்றே ஒன்றுதான் மீந்தது.

சந்தோஷத்தில் ஐயருக்குப் போன் போட்டார்கள். "எல்லாம் ஒழுங்காயிட்டுதுய்யா. இனிமே தேடவே வேண்டாம்."

"நல்லது. மொத்தம் எத்தனை பாட்டு இருக்கு?"

"ஒண்ணு."

ஐயரின் லைன் மறுபடியும் போய்விட்டதென்று கோயில்பிச்சை போனை உதறினார்.

வெளியே செல்லக்கனி நின்றிருந்தாள். "கிடைச்சிட்டுதாய்யா?"

"கிடைச்சிட்டுக்கா," என்றார் தலைவர். "இருக்கிறதே ஒண்ணுதான். அப்ப அது அசனப் பாட்டாத்தான் இருந்தாகணும்."

"போட்டுக் கேட்டீங்களா?"

"நாளைக்கு எல்லாரும் சேர்ந்து கேப்போம். இன்னைக்கே கேட்டுட்டா நாளைக்குப் பழசாயிரும்."

பண்டிகை அன்றைக்கு ஆராதனை முடிந்தது. பந்தலுக்குள் ஊர் முழுக்க வந்து நின்றது. வெளியூரில் கட்டிக்கொடுத்த பிள்ளைகளெல்லாம் குழந்தைகுட்டியோடு வந்திருந்தார்கள். அண்டாவிலிருந்து சாம்பார் வாசம் மூடியையும் மீறி வந்தது. சமையல்காரர் ஈரத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு அண்டா பக்கத்தில் நின்றார். செல்லக்கனி, அருமைநாயகம் கடைசியாக எடுத்துக் கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு, அடுப்படிப் பக்கமே போகாமல், ஸ்பீக்கருக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அத்தனை வருஷத்தில் அவள் உட்கார்ந்து கேட்கப்போவது அதுதான் முதல் தடவை.

ஐயர் ஜெபம் பண்ணினார். அன்றைக்கு ஜெபம் வழக்கத்தைவிட நீளம். நடக்கப்போவது அவருக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கிறது. ஆமென் சொன்னார்கள். ஞானசிகாமணி கையை உயர்த்தினார். யோவேல் அமுக்கினான்.

ஸ்பீக்கர் கரகரவென்றது. பிறகு, "க்ர்ஹும்."

ஒரு மனுஷன் தொண்டையைச் செருமுகிற சத்தம். அவ்வளவுதான். ஸ்பீக்கர் அமைதியாகிவிட்டது.

அருமைநாயகம் அந்தப் பாட்டில் ஒவ்வொரு அடியையும் இரண்டு தடவை பாடியிருந்தார். ஒரே ஒரு தடவை செய்தது இந்தச் செருமல் மட்டும்தான். மற்றவர்கள் பாட்டிலும் செருமல் இருந்திருக்கும். ஆனால் இரண்டு தடவை செருமியிருப்பார்கள் போல.

ஐயர் கண்ணை மூடிக்கொண்டார். அடி விழப்போகிறது என்று நினைத்தார். ஆனால் நடந்தது வேறு. அந்தச் சத்தம் காதில் விழுந்த அந்த நிமிஷமே சமையல்காரர் கை தன்னால் போய் மூடியைத் திறந்தது. குப்பென்று ஆவி கிளம்பியது. நின்ற ஊர் சரசரவென்று வரிசையாக உட்கார்ந்தது. இலை விழுந்தது. தண்ணீர் தெளித்தார்கள். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை.

"இதுதான்யா பாட்டு!" என்றார் ஒரு பெரியவர், கண் கலங்க. "அப்படியே இருக்கு. ஒரு எழுத்துக் குறையலை!"

"உபதேசியார் உபதேசியார்தான்," என்றார் பக்கத்து இலைக்காரர்.

விஷயம் என்னவென்றால், அருமைநாயகம் வருஷா வருஷம் பாட்டை முடித்ததும் சமையல்காரரைப் பார்த்து ஒருமுறை செருமுவாராம், திறக்கலாம் என்று. அத்தனை வருஷமும் அந்த ஊர் காது கொடுத்துக் கேட்டது அதை ஒன்றைத்தான்.

செல்லக்கனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றாள். கமிட்டி மூன்றும் ஒன்றுக்குப் பின்னால் ஒன்று ஒளிந்தது. அவள் அழுதாளா சிரித்தாளா என்று வயலட் அக்காவுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

"அவருதான்," என்றாள். "காலையில நான் காப்பி கொண்டு வரப் பிந்திட்டா இப்படித்தான். பேரு சொல்லிக் கூப்பிட மாட்டாரு. இதுதான் என்னைக் கூப்பிடுறது." யோவேல் பக்கம் திரும்பினாள். "ஏல யோவேலு, இன்னொரு தடவை போடுல."

யோவேல் கையை நீட்டினான். கோயில்பிச்சை பாய்ந்து பிடித்துக்கொண்டார்.

"போடக்கூடாதுக்கா! இன்னொரு தடவை போட்டா ரெண்டு தடவை ஆயிரும். ரெண்டு தடவை இருந்தா அழிக்கணும். ஐயர் உத்தரவு."

செல்லக்கனி அண்டா பக்கம் போனாள். சமையல்காரர் கையிலிருந்த சாம்பார்க் கரண்டியை வாங்கினாள். கமிட்டி தேரிமணலில் செருப்பில்லாமல் ஓடியதைப் பார்த்தவர்கள் அன்றைக்கு நிறையப் பேர். கண்ணாடியைக் கழற்றியிருந்ததால் தலைவர் மட்டும் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி அவளிடமே வந்து சேர்ந்தார்.

சாயங்காலம் அவள் அண்டாவையும் கம்ப்யூட்டரையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த பண்டிகைக்கு அண்டா மட்டும் திரும்பி வந்தது. கம்ப்யூட்டரை யாரும் கேட்கவில்லை. காலையில் காப்பி போடுகிற நேரத்தில் அவள் வீட்டுக் கதவு சாத்தியிருக்குமாம். உள்ளே யாரோ திரும்பத் திரும்பச் செருமுகிற சத்தம் கேட்குமாம். கமிட்டிக்கு மட்டும் யாரும் இதைச் சொல்லவில்லை.

கம்ப்யூட்டர் போய்விட்டால் அசனம் நிற்குமா? இப்போது விவேகபுரத்தில் ஐயர் ஆமென் சொன்னதும் ஊரே எழுந்து நிற்கிறது. ஞானசிகாமணி கையைக் காட்டுகிறார். ஆண், பெண், பாயில் இருக்கிற பிள்ளைகள், கைக்குழந்தை தவிர எல்லோரும் ஒரே குரலில் ஒரு தடவை தொண்டையைச் செருமுகிறார்கள். மூடி திறக்கிறது. வெளியூரிலிருந்து பெண்ணெடுக்க வந்தவர்கள் அதைக் கேட்டு, எவ்வளவு அருமையாகச் சேர்ந்து பாடுகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம்.

ஒரே ஒரு சங்கடம்தான். கோயில்பிச்சை வரிசை வரிசையாகக் காதைத் தீட்டிக்கொண்டு நடப்பார். யாராவது இரண்டாவது தடவை செருமிவிட்டால் இரண்டும் செல்லாது. மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு ஆமெனிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். போன வருஷம் நெஞ்சில் சளியோடு ஒரு சம்பந்தக்காரர் வந்துவிட்டார். சாம்பார் ஆறி, விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் பந்தி நடந்ததாம்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அசனத்தன்றைக்கு அந்தப் பக்கம் போகிறதாக இருந்தால், புறப்படுமுன் கொஞ்சம் சுக்குத் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். பிள்ளைகள் பசியோடு உட்கார்ந்திருக்கும்.